பிரேக் அக்கா மயங்கி விழவில்லை

அந்த ஊரில் கார் ஓட்டத் தெரிந்த பெண்களில் பாதிப் பேர் பிரேக் அக்காவிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டவர்கள். மீதிப் பேர் அந்தத் திட்டுக்குப் பயந்து கணவனிடமோ அண்ணனிடமோ கற்றுக்கொள்ளப் போய், அதைவிட நாலு மடங்கு திட்டு வாங்கியவர்கள். டிரைவிங் ஸ்கூலின் சின்ன வெள்ளைக் காரில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக் உண்டு, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர் காலடியில் இன்னொன்று உண்டு. அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்தே பல வருஷம் பிழைப்பு நடத்தியதால் அவளுக்கு அந்தப் பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

கால் அப்படிப் பழகிவிட்டது. பஸ்ஸில் போனாலும் மிதிப்பாள். சோபாவில் உட்கார்ந்து படம் பார்க்கும்போது கதாநாயகன் காரை வளைத்தால் இவள் கால் தரையை அழுத்தும். தூக்கத்தில் மிதித்து ஒரு தடவை கணவனைக் கட்டிலை விட்டே இறக்கியிருக்கிறாள். "நான் என்ன பண்றது, அது என்னைக் கேட்டுக்கிட்டா மிதிக்குது?" என்பாள். அந்த மனிதரும் பாவம், கட்டிலைச் சுவரோரமாகத் தள்ளிப் போட்டு, தான் சுவர்ப் பக்கம் படுத்துக்கொண்டார்.

கல்யாணமாகி வெகுநாள் கழித்துத்தான் அவளுக்கு வயிற்றில் ஒன்று தங்கியது. அதற்காக வேலையை விடுகிற ஜாதியில்லை அவள். டாக்டரிடம் கேட்டாள், டாக்டர் சரி என்றார், சீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். "உள்ள இருக்கறதுக்கும் சேத்துத்தான் சொல்லிக்குடுக்கறேன். அதுகிட்ட மட்டும் பீஸ் வாங்கல" என்று மாணவிகளிடம் சொல்லிக்கொண்டு, மேட்டில் வண்டியை அணைத்தவர்களை எப்போதும்போல் வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

வயிறு வெளியே தெரிய ஆரம்பித்திருந்த சமயம், மாமியாரும் மருமகளுமாகக் குழந்தைச் சாமான் விற்கும் பெரிய கடைக்குப் போனார்கள். போனது நாலு சின்னச் சட்டைக்கு. ஆனால் அந்த மாதிரிக் கடைக்குள் நாலு சட்டையோடு வெளியே வந்தவர் யார்? தரை பூராவும் பாலாடை நிறத்தில் டைல்ஸ், முகம் பார்க்கலாம் போல் பளபளப்பு. கடை நடுவில் தொட்டில்களையும் தள்ளுவண்டிகளையும் அழகு காட்டி நிறுத்துவதற்கு ஒரு மேடை. மேடை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், நாலு விரல் உயரம்தான். அதற்கும் அதே டைல்ஸ், அதே நிறம், மேலே அதே விளக்கு. தரை எங்கே முடிகிறது, மேடை எங்கே தொடங்குகிறது என்பது அதைக் கட்டிய கொத்தனாருக்குத்தான் தெரியும்.

மாமியார் பில் போடும் இடத்தில் நின்று, சட்டையில் ஒரு பொத்தான் தளர்ந்திருக்கிறது, விலையைக் குறை என்று நியாயம் பேசிக்கொண்டிருந்தார். பிரேக் அக்காவின் கண்ணில் ஒரு மரத் தொட்டில் பட்டது. தொட்டிலைப் பார்த்தபடி நடந்தாள். கால் விளிம்பில் தட்டியது. விழுகிற அந்த ஒரு நொடியில் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, இடது கையை ஊன்றினாள். மணிக்கட்டுக்குள் என்னவோ மளுக்கென்றது.

சத்தம் கேட்டுத் திரும்பிய மாமியாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது. "மயக்கம் வந்துருச்சு. மாசமா இருக்கா, மயக்கம் வந்து விழுந்துட்டா" என்று கூடிய கூட்டத்துக்கெல்லாம் அறிவித்தார். கடை மேனேஜர் ஓடி வந்தார். டை கட்டிய, நல்ல மனுஷத்தனமுள்ள ஆள்தான். அவரே தண்ணீர் கொடுத்து, அவரே டாக்சி பிடித்து ஏற்றினார். ஏற்றும்போது, "மயக்கந்தான், மயக்கந்தான். இந்த நேரத்துல வர்றதுதானே" என்று மாமியார் சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் கையை யார் கவனித்தார்கள்? கை தொங்கினால் தொங்கட்டும். வயிற்றின் மேல் குளிர்ந்த பசையைத் தடவி அந்தக் கருவியை வைத்து இங்கேயும் அங்கேயும் நகர்த்திக்கொண்டிருந்த நர்ஸ் ஒன்றும் பேசாமல் இருந்தாளே, அந்த நேரத்தில் பிரேக் அக்கா செத்துப் பிழைத்தாள். பிறகு குதிரை ஓடுகிற மாதிரி கடகடவென்று ஒரு சத்தம் வந்தது. "இந்தா, ஓடிட்டிருக்கு உங்க புள்ளை" என்றாள் நர்ஸ். அதற்கப்புறம்தான் கை வலிக்கிறது என்பதே அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் ஊரைக் கூட்டினாள்.

கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால், மயக்கம் அவளுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. மாமியார் போன் போடாத சொந்தக்காரர் பாக்கியில்லை. சித்தியிலிருந்து ஒன்றுவிட்ட அத்தான் வரைக்கும் விசாரித்தார்கள், "என்னம்மா, மயக்கமாமே?" "மயக்கம் இல்ல, படி தட்டுச்சு" என்று அவள் தொண்டை வறளச் சொன்னாள். "சரி சரி, நல்லா சாப்பிடு" என்று போனை வைத்தார்கள்.

சொந்தக்காரர்கள் பேசினால் பேசிவிட்டுப் போகட்டும், டிரைவிங் ஸ்கூல் முதலாளியும் வந்தார். ஆப்பிள் வாங்கி வந்தார், நலம் விசாரித்தார், கடைசியில் தொண்டையைச் செருமினார்.

"தப்பா நெனைக்காதம்மா. ஓட்டறவங்களுக்கு ஒன்னும் தெரியாது. உன் காலை நம்பித்தான் அவங்க வண்டியில உக்கார்றாங்க. நாளைக்கு ரோட்டுல உனக்கு மயக்கம் வந்தா அந்தப் பிரேக்கை யாரு மிதிக்கறது?"

"எனக்கு மயக்கம் வரல சார்."

"ஊரே சொல்லுதேம்மா. குழந்தை பொறக்கற வரைக்கும், அப்புறமும் ஆபீஸ்ல உக்காந்து போன் எடு. சம்பளம் குறையாது." கொஞ்சம் யோசித்து, "மயக்கம் இல்லன்னு எவனாவது பொறுப்பான ஆள் சொல்லட்டும், அன்னைக்கே சாவியைக் குடுத்துடறேன்" என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதுதான் அவளை அதிகமாகக் குடைந்தது. காரில் அந்த இடம் போனால் அவள் யார்? மேசைமேல் போனை வைத்துக்கொண்டு, அடுத்த வகுப்பு எப்போது என்று சொல்லுகிற ஆள். பிரேக்கே இல்லாத பிரேக் அக்கா. டாக்டர் சோதித்துப் பார்த்து, இரத்தமும் இரத்த அழுத்தமும் சரியாகத்தான் இருக்கின்றன, ஆனால் அந்த நேரத்தில் மயக்கம் வரவேயில்லை என்று தன்னால் எப்படி எழுதித்தர முடியும் என்று கையை விரித்துவிட்டார்.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினால் கேட்கிறவளுக்கும் சந்தேகம் வரும் அல்லவா? ஒருவேளை தலை சுற்றியதோ? ஒருவேளை நான்தான் தொட்டிலையே பார்த்துக்கொண்டு, எங்கே கால் வைக்கிறேன் என்று பார்க்காமல், வெகுநாள் காத்திருந்து வந்த பிள்ளையைத் தவறவிடப் பார்த்தேனோ? வயிற்றைத் தடவிக்கொண்டு இதையே நினைத்து அழுதாள். மாணவிகளிடம் சிங்கமாக உறுமுகிற பெண், குளியலறைக் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதாள்.

அப்படி அழுது முடித்த ஒரு காலையில் வக்கீலுக்குப் போன் போட்டாள். வக்கீல் என்றால் அவளுடைய பழைய மாணவிதான். கோர்ட்டில் நல்ல பெயர், காரில் கெட்ட பெயர். கிளட்சிலிருந்து காலை எடுக்கவே மாட்டாள் என்பதால் பிரேக் அக்கா அவளுக்கு வைத்த பட்டப்பெயர் கிளட்ச். எப்போதோ லைசென்ஸ் வாங்கிவிட்டாள், ஆனாலும் அந்தப் பெயர் போகவில்லை, கிளட்சை மிதிப்பதும் போகவில்லை.

"கடைமேல கேஸ் போடலாம்கா" என்றாள் கிளட்ச். "ஆனா நீங்க விழுந்தீங்க, அடிபட்டுச்சுன்னு மட்டும் சொன்னா பத்தாது. ஆபத்தான இடம் ஒன்னு கடையில இருந்துச்சுன்னு காட்டணும். அது ஆபத்துன்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியும்னும் காட்டணும். தெரிஞ்சும் சும்மா விட்டாங்கன்னாதான் அவங்க பொறுப்பு."

"அவங்களுக்குத் தெரியும்னு நான் எப்படிடி காட்டறது? அவங்க மண்டைக்குள்ள போயா பாக்கறது?"

"அதான்கா கஷ்டம். கேமரா இருக்கும், கேட்டுப் பாப்போம்."

கேமரா இருந்தது. அதற்கு நேர் முன்னால் 'தள்ளுபடி' என்று எழுதிய துணி ஒன்று தொங்கியது. அன்றைய படத்தில் தள்ளுபடி நன்றாகத் தெரிந்தது. விழுந்தவளின் செருப்பு நுனிகூடத் தெரியவில்லை.

நுகர்வோர் மன்றத்தில் மனுப் போட்டார்கள். கடைக்காரர்களும் சளைக்காமல் பதில் போட்டார்கள். எங்கள் மேடையில் ஒரு குற்றமும் கிடையாது, ஆயிரம் பேர் வந்து போகிற இடம், இதுவரை ஒரு புகார் இல்லை. அந்த அம்மாவுக்கு வந்தது மயக்கம், இதை நாங்கள் சொல்லவில்லை, கூட வந்த மாமியாரே எல்லோர் முன்னாலும் சொன்னார். கிளட்ச் இதைப் படித்துக் காட்டியபோது, கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மாமியாரின் கை நின்றது.

"அத்தை, நீங்க மன்றத்துல வந்து, படிதான் தட்டுச்சுன்னு சொல்லணும்" என்றாள் பிரேக் அக்கா.

"நான் ஒரு வார்த்தை சொன்னா சொன்னதுதான். இன்னைக்கு ஒன்னு, நாளைக்கு ஒன்னு பேசறவ இல்ல நான்" என்று மாமியார் மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தார். அந்த அம்மாள் தன் வாயால் தப்பு என்று ஒன்றை ஒப்புக்கொண்டதாகக் குடும்ப வரலாற்றிலேயே கிடையாது. சாம்பாரில் உப்பு கூடினால் உப்பு விற்றவன் மேல் பழி போடுகிறவர். பிரேக் அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள், வீட்டில் கொஞ்ச நாள் பாத்திரங்கள் மட்டும் பேசிக்கொண்டன.

அதற்குள் பெண் குழந்தை பிறந்தது. ஒரு குறையும் இல்லை, குரல் மட்டும் அம்மாவுடையது. முதல் நாளே ஆஸ்பத்திரி வார்டை அதட்டி வைத்தது. குழந்தையைக் கையில் வாங்கியதும் மாமியார் குலுங்கிக் குலுங்கி அழுதார். ஏன் இத்தனை அழுகை என்று யாருக்கும் புரியவில்லை, சந்தோஷம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

வழக்கு வாய்தா வாய்தாவாக நகர்ந்தது. மன்றத்திலிருந்து யாராவது நேரில் போய் அந்த மேடையைப் பார்த்து வரட்டும் என்று கிளட்ச் கேட்டுக்கொண்டே இருந்ததில், மன்றம் ஒருவழியாக ஒரு பெண் அதிகாரியை அனுப்பச் சம்மதித்தது. கடை வக்கீல் மேனேஜரிடம் கறாராகச் சொல்லியிருந்தார்: "எதையும் மாத்தாதீங்க. இப்ப அங்க ஒரு மஞ்சக் கோடு போட்டாக்கூட, தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்." அதனால் மேடை அன்றைக்கு இருந்தது போலவே பாலாடை நிறத்தில் பளபளத்துக்கொண்டு நின்றது.

அதிகாரி குள்ளமான, சிரிக்காத அம்மாள். மூக்குக் கண்ணாடியும் கையில் ஒரு அளவு நாடாவும். பிரேக் அக்கா, கிளட்ச், குழந்தையோடு மாமியார் என்று இவர்கள் கும்பல் ஒரு பக்கம், கடை வக்கீல் ஒரு பக்கம். மேனேஜர் கல்யாண வீட்டு மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்பது போல் அதிகாரியை வரவேற்றார். ஜூஸ் வேண்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றதும் ஏசியைக் கூட்டினார்.

"இதான் மேடம் கடை. எவ்ளோ வெளிச்சம் பாருங்க. சின்னக் குழந்தைகூட ஓடி விளையாடும். ஒரு ஆபத்தும் கிடையாது" என்று பேசிக்கொண்டே முன்னால் நடந்தார். கை தொட்டில்களைக் காட்டியது, வாய் கடையின் பெருமையைச் சொன்னது, கால் அதுபாட்டுக்கு உயர்ந்து மேடைமேல் ஏறியது. அதே மூச்சில், திரும்பிக்கூடப் பார்க்காமல், பின்னால் ஒரு கையை நீட்டி,

"பாத்து மேடம், படி இருக்கு" என்றார்.

அதிகாரி ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டார். கடை வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். மேனேஜர் இன்னும் இரண்டு அடி போய், தொட்டிலின் விலையைச் சொல்லத் தொடங்கி, யாரும் கூட வரவில்லை என்று உணர்ந்து திரும்பினார். தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முகத்தில் ஈயாடவில்லை.

பிரேக் அக்காவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவளுக்கு அந்த மனிதரைப் பார்க்கச் சிரிப்புதான் வந்தது. குனிந்து பார்த்தால் அவள் வலது காலும் தரையை அழுத்திக்கொண்டு நின்றது. பாவம், அவரும் என்ன செய்வார்? அது அவரைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

"படி இருக்குன்னு எனக்கு ஏன் சொன்னீங்க?" என்று அதிகாரி நிதானமாகக் கேட்டார்.

"அது... ஒரு மரியாதைக்கு மேடம்."

அதிகாரி அவரை விட்டுவிட்டு, தள்ளுவண்டிகளுக்குப் பக்கத்தில் நின்ற விற்பனைப் பெண்ணைக் கூப்பிட்டார். "நீயும் எல்லார்கிட்டயும் இப்படிச் சொல்லுவியாம்மா?"

அவள் மேனேஜரைப் பார்த்தாள், பிறகு மாமியார் தோளில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்தாள். "சொல்லுவேன் மேடம். வேலைக்குச் சேந்த முதல் நாளே சார் சொல்லிக்குடுத்தாரு. எல்லாரும் தடுக்கறாங்க, மேடைப் பக்கம் யாரு வந்தாலும் பாத்துன்னு சொல்லணும்னாரு." பிரேக் அக்கா பக்கம் திரும்பினாள். "அன்னைக்கு இந்த அக்கா வந்தப்ப நான் சாப்பிடப் போயிருந்தேன். வந்து பாத்தா கீழ கெடந்தாங்க. நான் இருந்திருந்தா சொல்லியிருப்பேன்."

கடை வக்கீல் விடவில்லை, விடக்கூடாது, அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். "படி இருக்கறது இருக்கட்டும் மேடம். இவங்க விழுந்தது மயக்கத்துலதான். அவங்க மாமியாரே சொன்னாங்க. இதோ நிக்கறாங்க, கேளுங்க."

எல்லோரும் மாமியாரைப் பார்த்தார்கள். பிரேக் அக்கா மட்டும் பார்க்கவில்லை. சொன்னால் சொன்னதுதான் என்கிற அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

"மயங்கினதை நீங்க கண்ணால பாத்தீங்களாம்மா?" என்றார் அதிகாரி.

மாமியார் குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார். "நான் எங்க பாத்தேன்? நான் அங்க பொத்தானுக்குச் சண்டை போட்டுக்கிட்டு இருந்தேன்."

"அப்ப ஏன் மயக்கம்னு சொன்னீங்க?"

மாமியார் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். "தடுக்கி விழுந்தான்னு சொன்னா, பாத்து நடக்கத் தெரியாதவன்னு நாலு பேர் அவளைத்தானே பேசுவாங்க. புள்ளைக்கு ஒன்னு கெடக்க ஒன்னு ஆயிருந்தா சாகற வரைக்கும் அவளைக் குத்திக் காட்டுவாங்க. மயக்கம்னா யாரும் ஒன்னும் சொல்ல முடியாது, அது உடம்பு பண்றது. அதான் சொன்னேன். அது தப்பாப் போச்சு." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "நான் சொன்னது தப்பு. எழுதிக்குங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார். பிரேக் அக்கா மாமியார் பக்கத்தில் போய் நின்று, குழந்தையை வாங்குகிற சாக்கில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாளும் கதவைச் சாத்திக்கொண்டது யாருக்கெதிராக என்று நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

தீர்ப்பு வந்த அன்று கிளட்ச் மன்றத்து வாசலிலிருந்தே போன் செய்தாள். "அக்கா, ஜெயிச்சாச்சு. எவ்ளோ குடுக்கச் சொல்லியிருக்காங்கன்னா..."

"அது கெடக்கட்டும். மயக்கத்தைப் பத்தி என்ன போட்டிருக்கு?"

காகிதம் புரளுகிற சத்தம் கேட்டது. "'மனுதாரர் விழுந்ததற்குக் காரணம் கடையின் மேடை. அவருடைய உடல்நிலையோ கவனக்குறைவோ அல்ல.' போதுமா?"

"இன்னொரு தரம் படி."

படித்தாள். பிரேக் அக்கா இந்த முறை குளியலறைக்கெல்லாம் போகவில்லை. கூடத்தின் நடுவில், எல்லோரும் பார்க்க உட்கார்ந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அம்மா அழுவதைப் பார்த்துக் குழந்தையும் தன் பங்குக்கு அலறியது. பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

முதலாளி சொன்ன சொல் தவறாதவர். தீர்ப்பை இரண்டு தடவை படித்துவிட்டு, மேசை இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்து நீட்டினார். மாமியாரும் சும்மா இருக்கவில்லை. பழைய வரிசைப்படியே சித்தியிலிருந்து ஒன்றுவிட்ட அத்தான் வரைக்கும் மறுபடி போன் போட்டார். "மயக்கமுமில்ல ஒன்னுமில்ல, கடைக்காரன் படி" என்று ஒருத்தரையும் விடாமல் சொன்னார். ஏற்கெனவே மறந்துபோனவர்களுக்கு நினைவுபடுத்திவிட்டுச் சொன்னார்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் காலையில் வெள்ளைக் கார் வீட்டு வாசலிலேயே நின்றது, முந்தின நாள் சாயங்காலமே அவள் ஓட்டி வந்து நிறுத்தியிருந்தாள். ஓட்டுகிற இடத்தில் புது மாணவி ஒருத்தி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடையில் அன்றைக்குச் சாப்பிடப் போயிருந்த அதே பெண். பிரேக் அக்கா குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு வாசற்படியில் இறங்கினாள்.

"பாத்துப் போம்மா" என்றார் மாமியார்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தைக்கு அவளிடம் ஒரே பதில்தான், "எனக்குத் தெரியும் அத்தை." இன்றைக்கு நின்று திரும்பினாள்.

"சரி அத்தை" என்றாள். படியைப் பார்த்து இறங்கிப் போய், தன் பிரேக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.